8 ஜிபி ராம் + 1 டிபி, இல்லை 16 ஜிபி ராம் + 512 ஜிபி: எதை விட்டுக்கொடுப்பது?

9 நவம்பர் 2025, கேள்வி

விண்டோஸ் 10க்கு ஆதரவு அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. என் பழைய லேப்டாப்பில் விண்டோஸ் 11 ஏறாது, எனவே புதிது வாங்கியே ஆக வேண்டும். ஒரே மாடல், ஒரே பிராசஸர், விலையும் ஏறக்குறைய ஒன்றுதான். ஒன்றில் 8 ஜிபி ராம் (ஓடும் வேலைகளை வைத்திருக்கும் நினைவகம்), 1 டிபி எஸ்எஸ்டி (ஃபைல்களைச் சேமிக்கும் டிஸ்க்). இன்னொன்றில் 16 ஜிபி ராம், 512 ஜிபி எஸ்எஸ்டி. என் கணக்கு எளிது. இடம் தீர்ந்ததைக் கண்ணால் பார்த்திருக்கிறேன், சிவப்புக் கோடு வந்து நிற்கும். ராம் தீர்ந்துவிட்டது என்று எந்த லேப்டாப்பும் என்னிடம் சொன்னதே இல்லை. அதனால் 1 டிபி பக்கம் சாய்கிறேன். வேலை என்றால் பிரவுசர், எக்ஸெல், வீடியோ கால், எப்போதாவது போட்டோ திருத்துவது, அவ்வளவுதான். ஐந்தாறு வருடம் ஓட வேண்டும்.

9 நவம்பர், இரவு, பதில்

16 ஜிபி எடுங்கள். விளக்கம் வேண்டாதவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

ராம் தீர்ந்ததாக எந்த லேப்டாப்பும் சொன்னதில்லை என்கிறீர்கள். அது சொல்லாது, சிக்கலே அதுதான். டிஸ்க் நிரம்பினால் ஃபைலைச் சேமிக்க முடியாது, எச்சரிக்கை வரும், நீங்களும் எதையாவது அழிப்பீர்கள். ராம் நிரம்பினால் விண்டோஸோ மேக்கோ முதலில் உள்ளே இருப்பதைச் சுருக்கிப் பார்க்கும், அதற்கும் மேலே போனால் கொஞ்ச நேரமாக நீங்கள் தொடாத பகுதிகளை எஸ்எஸ்டிக்குத் தள்ளிவிடும், திரும்ப அந்த டேபைத் தொடும்போது எடுத்துவரும். வேலை நிற்காது, இழுக்கும். உட்கார்ந்திருப்பவர் பிராசஸரைத் திட்டுவார், வைரஸ் என்பார், போன வாரம் வந்த அப்டேட்டைத் திட்டுவார். ராம் மட்டும் நல்ல பெயரோடு தப்பித்துவிடும்.

"இப்போதெல்லாம் எஸ்எஸ்டிதான் பறக்கிறதே" என்று அடுத்து யாராவது வருவார்கள், அதற்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். டிடிஆர்5 5600 ஸ்டிக் (கழற்றி மாட்டும் ராம் பட்டை) இரண்டு போட்டால் ஏட்டளவில் நொடிக்கு 89.6 ஜிபி போகும். நல்ல பிசிஐஇ 4.0 (போர்டோடு பேசும் வேகமான இணைப்பு) எஸ்எஸ்டி நொடிக்கு 7 ஜிபி. இதுகூடப் பரவாயில்லை. ஒரு சின்னத் துண்டைக் கேட்டால் பதில் வர எவ்வளவு நேரம் என்று பாருங்கள். ராமில் ஏறக்குறைய 100 நானோ நொடி, எஸ்எஸ்டியில் பத்து மைக்ரோ நொடிகளின் கணக்கு, அதாவது பல நூறு மடங்கு. ராம் போதாதபோது நடப்பதெல்லாம் இப்படிச் சின்னச் சின்னத் துண்டாக ஓயாமல் கேட்பதுதான்.

10 நவம்பர்

நேற்று அவசரமாகப் பதில் சொல்லிவிட்டேன், அதற்கு முன் கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. அந்த மாடலில் ராம் போர்டிலேயே சால்டர் செய்ததா (கழற்ற முடியாதபடி ஒட்டியதா), இல்லை ஸ்லாட்டில் செருகியதா? எத்தனை ஜிபி என்பதெல்லாம் அதற்கு அப்புறம்.

ஸ்லாட் என்றால் 8 ஜிபியோடு வாங்கிப் பின்னால் ஒரு ஸ்டிக் சேர்க்கலாம். சால்டர் என்றால் பில் போடும்போது எழுதுகிற எண்தான் அந்த லேப்டாப்பின் ஆயுள் முழுக்க. எஸ்எஸ்டி அப்படி இல்லை. விண்டோஸ் லேப்டாப்களில் பெரும்பாலானவற்றில் அது எம்.2 ஸ்லாட்டில் ஒரே ஒரு ஸ்க்ரூவில் நிற்கிற பட்டை, 512ஐக் கழற்றி 2 டிபி மாட்டலாம். ஆக, மாற்ற முடியாததற்கு இன்று காசு, மாற்ற முடிந்ததற்குப் பிறகு காசு. 16 என்று சொன்னதன் காரணம் இதுதான், 16 என்ற எண்ணின் மேல் எனக்குத் தனியாகப் பாசம் ஒன்றும் கிடையாது.

10 நவம்பர், பின்னிரவு

தங்கையின் லேப்டாப் கதையைச் சொல்லாமல் தூங்க முடியாது போலிருக்கிறது. மெலிசான, அழகான மாடல், 8 ஜிபி சால்டர் ராம், 1 டிபி எஸ்எஸ்டி. ஆம், நீங்கள் சாய்கிற அதே பக்கம். வாங்கிய புதிதில் குறையே இல்லை. அப்புறம் அவள் வேலை மாறினாள், நாள் முழுக்க வீடியோ கால், அதற்குப் பின்னால் பெரிய எக்ஸெல் ஒன்று, பிரவுசரில் அலுவலக டேப்கள். வீடியோ காலில் அவள் முகம் உறைந்து நிற்கும், குரல் மட்டும் தாமதமாக வரும். இணையம் சரியில்லை என்று ரவுட்டரை மாற்றினார்கள். ஃபார்மேட் செய்தார்கள், சில நாள் நன்றாக ஓடிவிட்டுப் பழையபடி ஆனது. விற்ற இடத்தில் "ராம் ஏற்றித் தரலாம், கொண்டுவாருங்கள்" என்றார்கள், கொண்டுபோனதும் திறந்து பார்த்துவிட்டு ஸ்லாட்டே இல்லை என்று கையை விரித்தார்கள். இத்தனைக்கும் அந்த 1 டிபியில் முக்கால்வாசி காலியாகவே கிடந்தது.

அவளும் உங்களைப் போலத்தான், "எனக்கு என்ன, பிரவுசரும் எக்ஸெல்லும்தானே" என்பாள். அந்த இரண்டும்தான் வருடா வருடம் பெருத்துக்கொண்டே போகின்றன.

12 நவம்பர்

சால்டரா ஸ்லாட்டா என்று எப்படித் தெரிந்துகொள்வது என்று கேட்டிருக்கிறீர்கள். விற்பவரைக் கேட்காதீர்கள், மேலே பார்த்தீர்கள் அல்லவா.

விவரத் தாளில் எல்பிடிடிஆர்5, எல்பிடிடிஆர்5எக்ஸ் என்று இருந்தால் அது சால்டர் என்றே வைத்துக்கொள்ளுங்கள். முன்னால் நிற்கும் எல்பி, குறைந்த மின்சாரத்தில் ஓடும் ரகம் என்பதற்கு. பேட்டரி கூடுதல் நேரம் நிற்கும், வேகமும் அதிகம், அதற்கு விலையாகப் பிராசஸருக்குப் பக்கத்திலேயே ஒட்டி வைக்க வேண்டியிருக்கிறது. இதற்கு விலக்காக எல்பிகேம்2 என்று கழற்றி மாட்டக்கூடிய எல்பிடிடிஆர் தகடு ஒன்று வந்திருக்கிறது. அதன் தரநிலையை, நினைவகத் தரநிலைகளை வகுக்கும் ஜெடெக் அமைப்பு 2023 டிசம்பரில் வெளியிட்டது, 2024ல் லெனோவா திங்க்பேட் பி1 ஏழாம் தலைமுறையில் அதைப் பார்த்தோம். நீங்கள் பார்க்கிற வகையில் அது இருக்காது. வெறும் டிடிஆர்4, டிடிஆர்5 என்று எல்பி இல்லாமல் இருந்தால் ஸ்லாட்டாக இருக்க வாய்ப்பு அதிகம், ஆனால் உறுதி கிடையாது, டிடிஆர்4ஐயும் போர்டில் ஒட்டி விற்ற மாடல்கள் ஏராளம். சோடிம் (ஸ்லாட்டில் செருகும் லேப்டாப் ராம் ஸ்டிக்) என்ற சொல் தாளில் இருந்தால்தான் நிம்மதி.

இன்டெல் கோர் அல்ட்ரா 200வி வரிசை என்றால் ராம் போர்டில்கூட இல்லை, பிராசஸர் பொட்டலத்துக்குள்ளேயே இருக்கிறது. 16 அல்லது 32, வேறு வழியே இல்லை. ஆப்பிளின் எம் வரிசையிலும் இதே நிலைதான்.

கையில் இருக்கிற மெஷினில் பார்க்க வேண்டுமென்றால் டாஸ்க் மேனேஜர் திறந்து, பெர்ஃபார்மன்ஸ், மெமரி. கீழே ஃபார்ம் ஃபேக்டர் என்று ஒரு வரி. அதில் சோடிம் என்று வந்தால் ஸ்டிக். ரோ ஆஃப் சிப்ஸ் என்று வந்தால் ஒட்டியது. அதற்கு மேல் வரியில் எத்தனை ஸ்லாட்டில் எத்தனை நிரம்பியிருக்கிறது என்றும் காட்டும், ஆனால் சால்டர் மெஷின்கள் சிலவற்றில் அந்த எண் குழப்பமாக இருக்கும், ஃபார்ம் ஃபேக்டரை நம்புங்கள். எல்லாவற்றிலும் உறுதியானது அந்த மாடலின் சர்வீஸ் மேனுவல். பெரிய கம்பெனிகள் இலவசமாகவே வைத்திருக்கின்றன, கீழ்மூடியைக் கழற்றுவதிலிருந்து எல்லாவற்றுக்கும் படம் இருக்கும். விளம்பரத் தாளைப் பத்து முறை படிப்பதைவிட அதை ஒருமுறை படிக்கலாம்.

12 நவம்பர், சற்று நேரம் கழித்து

விட்டுப்போனது: பாதி சால்டர், பாதி ஸ்லாட் என்றும் உண்டு. 8 ஒட்டியிருக்கும், பக்கத்தில் ஒரு ஸ்லாட் காலியாக இருக்கும். கேட்டவரின் மாடல் இந்த வகையாக இருந்தால் 8 + 1 டிபி வாங்கி உடனே ஒரு 8 சேர்ப்பதும் நல்ல கணக்குதான், அப்போது என் முதல் பதிலைத் தூக்கிப் போட்டுவிடலாம்.

13 நவம்பர்

"விண்டோஸ் 11க்குக் குறைந்தபட்சம் 4 ஜிபிதான் கேட்கிறார்கள், 8 தாராளம்" என்று ஒருவர். குறைந்தபட்சம் 4 ஜிபி ராம், 64 ஜிபி இடம் என்று போட்டிருப்பது உண்மை. அது இன்ஸ்டால் ஆவதற்கான எண், நாம் உட்கார்ந்து வேலை செய்வதற்கான எண் வேறு. அதே மைக்ரோசாஃப்ட் 2024ல், ஏஐ வசதிகளுள்ள லேப்டாப்களுக்குத் தரும் கோபைலட்+ முத்திரை பெற 16 ஜிபி ராமும் 256 ஜிபி இடமும் வேண்டும் என்றது. ராம் விஷயத்தில் கை நீளாத ஆப்பிளே 2024 அக்டோபரில் எம்4 சிப் மெஷின்களையும், ஏற்கெனவே விற்றுக்கொண்டிருந்த மேக்புக் ஏரையும் 16லிருந்து தொடங்கியது, ஏரின் விலையைக் கூட்டாமல். மனம் இரங்கிக் கொடுத்தார்கள் என்று நினைக்கிறீர்களா? 8ல் தங்கள் புதிய ஏஐ சமாச்சாரங்கள் மூச்சு முட்டும் என்று தெரிந்திருக்கும்.

15 நவம்பர்

எதிர்ப்பக்கத்திலிருந்தும் ஒருவர் வந்துவிட்டார். "என்னிடம் 16 இருக்கிறது, எதுவும் செய்யாமலே 9, 10 என்று காட்டுகிறது, ஆக 32தான் வாங்க வேண்டும்."

இல்லை. சும்மா கிடக்கிற ராமால் யாருக்கும் பயனில்லை என்று இயங்குதளத்துக்குத் தெரியும், அதனால் அடுத்து நீங்கள் எதைத் திறக்கக்கூடுமோ அதை முன்கூட்டியே ஏற்றி வைக்கிறது, யாராவது கேட்டால் உடனே காலி செய்து கொடுத்துவிடும். 16 உள்ள மெஷினில் 9 காட்டும் அதே வேலை, 8 உள்ள மெஷினில் 5 காட்டி ஓடும். பயன்பாட்டு எண்ணை மட்டும் பார்த்து முடிவெடுத்தால் 64 வாங்கினாலும் நிம்மதி வராது.

பார்க்க வேண்டியது வேறு. உங்கள் வேலையிலேயே மிக நெருக்கடியான நேரம் எதுவோ, வீடியோ கால் ஓடிக்கொண்டிருக்க எக்ஸெல்லைத் திறந்து இருபது டேபையும் வைத்துக்கொண்டு, அப்போது டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்துக்குப் போங்கள். அவைலபிள் என்பது ஒரு ஜிபிக்கும் கீழே போய் நிற்கிறதா? கமிட்டட் என்பதன் முதல் எண் உங்கள் ராம் அளவைத் தாண்டி நிற்கிறதா? ஒரு டேபிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போதெல்லாம் டிஸ்க் கோடு எகிறுகிறதா? மூன்றும் சேர்ந்து நடந்தால் ராம் போதவில்லை. கமிட்டட் மட்டும் எகிறினால் பயப்படாதீர்கள், புரோகிராம்கள் கேட்டு வைத்துக்கொண்டு தொடாமலே விடுவதும் உண்டு. மேக்கில் ஆக்டிவிட்டி மானிட்டரில் மெமரி பிரஷர் என்று ஒரு வரைபடம், பச்சையாக இருந்தால் எண் என்னவாக இருந்தாலும் கவலை இல்லை. லினக்ஸில் ஃப்ரீ கட்டளை காட்டுவதில் அவைலபிள் என்ற கடைசிப் பத்தியைப் பாருங்கள், ஃப்ரீ என்ற பத்தியைப் பார்த்துப் பதறாதீர்கள்.

பழைய லேப்டாப் செத்துப்போகும் முன் இந்தச் சோதனையைச் செய்துவிடுங்கள். புதிது வாங்க அதைவிட நல்ல வழிகாட்டி எனக்குத் தெரியவில்லை.

15 நவம்பர்

அதற்குள் ஒரு பயமுறுத்தல்: "8 ஜிபி வாங்கினால் ஓயாமல் எஸ்எஸ்டியில் எழுதி எழுதி அதைக் கொன்றுவிடும்." நான் 16 கட்சிதான், ஆனால் என் கட்சிக்காக இந்த வாதத்தை எடுத்துக்கொள்ள மாட்டேன். 1 டிபி டிஎல்சி (ஒரு செல்லில் மூன்று பிட் வைக்கும் ரகம்) எஸ்எஸ்டிகளில் 600 டிபி வரை எழுதலாம் என்று உத்தரவாதம் தருவது சாதாரணம். ஐந்து வருடத்துக்குப் பிரித்தால் நாளுக்கு 300 ஜிபிக்கு மேல். எக்ஸெல் வைத்துக்கொண்டு யாரும் அவ்வளவு எழுதுவதில்லை. ராம் குறைந்தால் மெஷின் இழுக்கும், அதுவே போதிய காரணம்.

19 நவம்பர்

ஒரே ஸ்டிக்கா, இரண்டு ஸ்டிக்கா? இதைப் பற்றி யாருமே கேட்கவில்லை, எனக்கு வியப்பு.

தனி கிராஃபிக்ஸ் சிப் இல்லாத லேப்டாப்பில் திரைக்கு வேண்டிய நினைவகமும் இந்த ராமிலிருந்தே போகிறது. டாஸ்க் மேனேஜரில் ஹார்டுவேர் ரிசர்வ்ட் என்று ஒரு பகுதி ஏற்கெனவே எடுக்கப்பட்டிருக்கும், மீதியிலும் தேவைப்படும்போது பங்கு கேட்கும். அளவை விடுங்கள், பாதையும் பங்குதான். ஒரு 16 ஜிபி ஸ்டிக் மட்டும் போட்டால் மேலே சொன்ன 89.6ல் பாதிதான் கிடைக்கும். எக்ஸெல்லில் தெரியாது. விளையாட்டில், வீடியோ எடிட்டிங்கில், பெரிய வெளித் திரை மாட்டும்போது தெரியும். கம்பெனிகள் ஒற்றை ஸ்டிக் போட்டு விற்பது நமக்கு ஒரு ஸ்லாட் மிச்சம் வைக்க வேண்டும் என்ற நல்லெண்ணமாகவும் இருக்கலாம், ஒன்று இரண்டைவிட மலிவு என்பதாகவும் இருக்கலாம். நான் இரண்டாவதை நம்புகிறேன்.

"டிடிஆர்5ல் ஒரு ஸ்டிக்குக்குள்ளேயே இரண்டு சேனல் (பாதை), அதனால் ஒன்றே போதும்" என்று ஒரு பேச்சு உலவுகிறது. உள்ளே இரண்டாகப் பிரித்திருப்பது சரி, ஆனால் பழைய 64 பிட் பாதையையே 32, 32 ஆக வெட்டியிருக்கிறார்கள். மொத்த அகலம் கூடவில்லை.

8 ஒட்டியிருக்கிற மெஷினில் 16 செருகினால் ஒத்துப்போகுமா என்றால், போகும். முதல் 16 ஜிபி இரட்டைப் பாதையிலும் மிச்சம் 8 ஒற்றைப் பாதையிலும் ஓடும். இரண்டும் ஒரே அளவாக இல்லையே என்று விட்டுவிட வேண்டாம், 24 எப்போதும் 16ஐவிட மேல்.

23 நவம்பர்

ராம் ராம் என்று ஜபித்தாகிவிட்டது, ஸ்டோரேஜ் பக்கம் கொஞ்சம் போகலாம். அளவை எல்லோரும் பார்க்கிறார்கள், வகையைப் பார்ப்பதில்லை.

முதலில் ஒதுக்க வேண்டியது இஎம்எம்சி என்ற மலிவு ரகச் சேமிப்புச் சிப். 64 அல்லது 128 ஜிபி என்று போட்டு, எஸ்எஸ்டி என்ற சொல்லைத் தவிர்த்துவிட்டு "ஃபிளாஷ் ஸ்டோரேஜ்" என்று அழகாக எழுதியிருந்தால் உஷார். அதன் பாதையே நொடிக்கு 400 எம்பிதான், போர்டில் ஒட்டியதும்கூட. விண்டோஸ் அப்டேட் வரும் நாளில் அந்த மெஷினை வைத்திருப்பவரைப் பார்த்தால் பாவமாக இருக்கும்.

பழைய இணைப்பான சாட்டா எஸ்எஸ்டி நொடிக்கு 550 எம்பி, புதிய என்விஎம்இ முறையில் பிசிஐஇ 3.0 என்றால் 3500, 4.0 என்றால் 7000, 5.0 என்றால் 14000 வரை. கேட்க நன்றாக இருக்கிறது. ஹார்ட் டிஸ்கிலிருந்து சாட்டா எஸ்எஸ்டிக்கு வந்தபோது ஒரு பிறவி கழிந்தது போல இருந்தது, சாட்டாவிலிருந்து 3.0க்கு வந்தபோது கொஞ்சம் தெரிந்தது, 3.0க்கும் 4.0க்கும் என் அன்றாட வேலையில் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை, தெரிகிறது என்பவர்கள் பெரும்பாலும் பெரிய வீடியோ ஃபைல்களை ஓரிடத்திலிருந்து ஓரிடத்துக்குத் தள்ளுபவர்கள். 4.0 என்பதற்காகக் கூடுதல் காசு கேட்டால் அந்தக் காசை ராமில் போடுங்கள் (மறுபடியும் ராம், மன்னிக்க).

க்யூஎல்சி, டிஎல்சி என்பது இன்னொன்று. ஒரு செல்லில் நான்கு பிட் அடைப்பது க்யூஎல்சி, மூன்று பிட் டிஎல்சி. க்யூஎல்சியும் முதலில் வேகமாகத்தான் எழுதும், காரணம் முன்பகுதியை வேகமான தற்காலிகக் கிடங்காக வைத்திருக்கிறது. பெரிய ஃபோல்டர் ஒன்றைப் பிரதி எடுக்கும்போது அந்தக் கிடங்கு நிரம்பினால் பழைய ஹார்ட் டிஸ்க் வேகத்துக்கே இறங்கிவிடும் மாடல்கள் உண்டு. டிஸ்க் நிரம்ப நிரம்ப அந்தக் கிடங்கும் சுருங்கும். ஆகவே 512ல் 480 வரை அடைத்து வைத்திருப்பவர், இடப் பற்றாக்குறையோடு வேகப் பற்றாக்குறையையும் சேர்த்து வாங்கிக்கொள்கிறார்.

அளவுக்கும் வேகத்துக்கும் இன்னொரு தொடர்பும் உண்டு. 2022ல் எம்2 மேக்புக் ஏர் வந்தபோது 256 ஜிபி மாடலின் எஸ்எஸ்டி, முந்தைய எம்1 மாடலைவிட மெதுவாக இருந்தது. முன்பு இரண்டு 128 சிப், அப்போது ஒரே 256 சிப். சிப் எண்ணிக்கை குறைந்தால் ஒரே நேரத்தில் எழுதும் கைகளும் குறையும். விவரத் தாளில் இதெல்லாம் வராது.

23 நவம்பர், தொடர்ச்சி

"512 வாங்கினேன், 476தான் இருக்கிறது, ஏமாற்றிவிட்டார்கள்" என்பவருக்கு: ஏமாற்றவில்லை. கம்பெனி ஆயிரத்தின் மடங்கில் எண்ணுகிறது, விண்டோஸ் 1024இன் மடங்கில் எண்ணிவிட்டு அதே ஜிபி என்ற பெயரைப் போடுகிறது. 256 என்றால் 238, 1 டிபி என்றால் 931. சண்டை போட வேண்டுமென்றால் இருவருடனும் போடலாம்.

ஆனால் அந்த 476ம் உங்களுடையது இல்லை. விண்டோஸ், அப்டேட்டுக்கு ஒதுக்கி வைக்கும் சில ஜிபி, பழுதானால் மீட்க ஒதுக்கும் பகுதி, ஹைபர்னேட் ஃபைல் (மெஷினை உறங்கவிடும்போது ராமில் இருப்பதை எழுதி வைப்பது, இது ராமின் அளவில் 40 சதவீதம், அதாவது 16 ஜிபி ராம் வாங்கினால் இங்கே 6 ஜிபிக்கு மேல் போகும், ராம் கூடினால் இடம் குறைகிற வேடிக்கை), கம்பெனி தானே ஏற்றிக் கொடுக்கும் குப்பை. 400 கையில் இருக்கும் என்று கணக்குப் போடுங்கள். கேட்டவரின் வேலைக்கு 400 போதும். ஃபோனிலிருந்து போட்டோ, வீடியோ எல்லாவற்றையும் லேப்டாப்பில்தான் கொட்டுவேன் என்றால் போதாது. ஆனால் அதற்கு 1 டிபியும் போதாது, அது வெளி டிஸ்கின் வேலை.

4 டிசம்பர்

இரண்டாவது யோசனை வந்துவிட்டது. ஸ்லாட் இருந்தால் 8ஐ வாங்கிப் பின்னால் சேர்க்கலாம் என்று எழுதினேன் அல்லவா? "பின்னால் மலிவாகும்" என்ற நம்பிக்கை அதன் அடியில் ஒளிந்திருந்தது. அந்த நம்பிக்கை இப்போது ஆட்டம் காண்கிறது. ஏஐ டேட்டா சென்டர்களுக்கு வேண்டிய நினைவகத்துக்கே உற்பத்தியாளர்கள் திரும்பிவிட்டதால் ராம் விலை சில மாதங்களாக ஏறுமுகம். நேற்று, நினைவகம் தயாரிக்கும் மைக்ரான், குரூசியல் என்ற பெயரில் நம்மைப் போன்றவர்களுக்கு நேரடியாக விற்கும் வியாபாரத்தையே நிறுத்தப்போவதாக அறிவித்திருக்கிறது, 2026 பிப்ரவரி வரைதான் சப்ளையாம். என் மெஷின்களில் பலவற்றில் ஓடிக்கொண்டிருப்பது அந்த ஸ்டிக்தான், கொஞ்சம் வருத்தம்.

ஆகவே இன்றைய நிலையில் ஸ்லாட் இருந்தாலும், தேவை என்று தெரிந்த ராமை லேப்டாப்போடு சேர்த்தே வாங்கிவிடுவது மேல். எஸ்எஸ்டியும் அதே மாவிலிருந்து வருவதுதான், அதன் விலையும் ஏறுகிறது, ஆனால் அங்கே வெளி டிஸ்க், பழைய டிஸ்க் என்று மாற்று வழி இருக்கிறது. ராமுக்கு மாற்று கிடையாது.

பழைய லேப்டாப்பின் ஸ்டிக்கைக் கழற்றிப் புதியதில் போடலாமா என்று ஒருவர் ஆசையோடு கேட்கிறார். டிடிஆர்4 ஸ்டிக் டிடிஆர்5 ஸ்லாட்டில் உட்காராது, வெட்டு வேறிடத்தில் இருக்கும். அழுத்திப் பார்க்காதீர்கள்.

6 டிசம்பர்

32 யாருக்கு? இதைத் தனியாகக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். வர்ச்சுவல் மெஷின் (கணினிக்குள் இன்னொரு கணினி) ஓட்டுபவருக்கு, 4கே வீடியோவை அடுக்கடுக்காக வைத்து எடிட் செய்பவருக்கு, மென்பொருள் எழுதுவதற்காக டாக்கரில் பத்து கன்டெய்னரைத் திறந்துவிட்டு ஐடிஇயும் வைத்திருப்பவருக்கு. ஏஐ மொழி மாடலைத் தன் மெஷினிலேயே ஓட்டிப் பார்க்க நினைப்பவருக்கும். 8 பில்லியன் அளவுருக்கள் உள்ள மாடலை 4 பிட்டுக்குச் சுருக்கினாலும் 5 ஜிபிக்குக் கிட்டத்தட்ட வரும், உரையாடல் நீள நீள இன்னும் கேட்கும், இதற்கு மேல் பிரவுசரும் வேண்டும். 16ல் ஓடும், உட்கார இடமில்லாமல் ஓடும்.

சால்டர் மெஷினை ஆறு வருடம் வைத்திருக்கப்போகிறீர்கள், கையில் காசும் இருக்கிறது என்றால் 32 ஊதாரித்தனம் இல்லை. ஆனால் அதற்காகக் கடன் வாங்கும் அளவுக்கு அது அவசியமும் இல்லை. அக்கா பையன் கல்லூரியில் சேர்ந்தபோது 64 வேண்டும் என்று நின்றான். என்னடா ஓட்டப்போகிறாய் என்றேன். "இப்போதைக்கு எதுவும் இல்லை மாமா, ஆனால் பசங்க எல்லோரும் கேட்பாங்க" என்றான். 16 வாங்கிக் கொடுத்தோம். இப்போது 32 கேட்கிறான், ஆனால் இந்தமுறை காரணத்தோடு, ஸ்லாட்டும் இருக்கிறது, விலைதான் முறைக்கிறது.

21 டிசம்பர்

கேட்டவர் 16 + 512 வாங்கிவிட்டாராம், மாடல் பாதி சால்டர் பாதி ஸ்லாட் வகை. இரண்டு எட்டாக வந்திருக்கிறது. நல்லது.

முதல் நாளிலேயே பார்க்க வேண்டியவை: டாஸ்க் மேனேஜரில் ராம் அளவும் வேகமும் பில்லில் இருப்பதோடு ஒத்துப்போகிறதா, எஸ்எஸ்டியின் மாடல் பெயர் என்ன. அப்புறம், டிஸ்கைப் பூட்டும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கரின் மீட்புச் சாவி. விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பு முதல் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு தொடங்கும் புது மெஷினில் டிஸ்க் தானாகவே பூட்டப்படும், சாவி அந்தக் கணக்கில் போய் உட்காரும். நீங்கள் எந்தப் பூட்டும் போடவில்லையே என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். பிறகு ஒருநாள் பயாஸ் (மெஷினைத் தொடக்கும் அடிப்படை மென்பொருள்) அப்டேட் ஆனாலோ போர்டு பழுதாகி டிஸ்கை வேறு மெஷினில் மாட்டினாலோ 48 இலக்கச் சாவியைக் கேட்டு நிற்கும். இன்றே எடுத்து, அந்த லேப்டாப்புக்கு வெளியே எங்காவது எழுதி வையுங்கள்.

இன்னொன்று, எஸ்எஸ்டியில் அழித்த ஃபைலை ஹார்ட் டிஸ்கில் மீட்டது போல மீட்க முடியும் என்று நம்பாதீர்கள். ட்ரிம் என்ற வசதி அழித்த இடத்தை உடனுக்குடன் துடைக்கச் சொல்லிவிடும். மேக்புக்குகளில் சிப்பும் ஒட்டியது, சாவியும் பிராசஸருக்குள், போர்டு போனால் தகவலும் போச்சு. 512ஆ 1 டிபியா என்று இத்தனை நாள் பேசியாகிவிட்டது, இனி ஒரு வெளி டிஸ்க் வாங்கிப் பிரதி எடுங்கள்.

27 டிசம்பர்

அந்த வெளி டிஸ்க் ஹார்ட் டிஸ்கா எஸ்எஸ்டியா என்றால்: அடிக்கடி தூக்கிக்கொண்டு அலைவீர்கள் என்றால் எஸ்எஸ்டி, எடுத்து எழுதிவிட்டு வருடக்கணக்கில் பெட்டியில் வைப்பீர்கள் என்றால் ஹார்ட் டிஸ்க். மின்சாரமே இல்லாமல் கிடக்கும் எஸ்எஸ்டி நெடுங்காலம் வைத்திருக்கும் என்று யாரும் உறுதி தருவதில்லை. ஜெடெக் தரநிலை கேட்பதே, முழுக்கத் தேய்ந்த நிலையில் 30 டிகிரியில் ஒரு வருடம் தாங்க வேண்டும் என்பதுதான். புதிய டிஸ்க் அதைவிட நிறையத் தாங்கும், இருந்தாலும் வருடத்துக்கு ஒன்றிரண்டு முறை மாட்டிப் பாருங்கள்.

11 ஜனவரி 2026

மேனுவலில் இரண்டாவதாக ஓர் எம்.2 ஸ்லாட்டும் இருப்பதைக் கண்டுபிடித்திருக்கிறார். அப்போது 512ஐக் கழற்றவே வேண்டாம், பக்கத்தில் இன்னொன்று மாட்டினால் போதும், பழைய டிஸ்கை அப்படியே புதியதில் நகலெடுக்கும் (குளோன்) வேலையும் மிச்சம். வாங்கும் முன் அளவைப் பாருங்கள். கடையில் எளிதாகக் கிடைப்பது 2280, அதாவது 80 மில்லிமீட்டர் நீளம். அவர் அனுப்பிய படத்தில் ஸ்க்ரூ துளை பாதி தூரத்திலேயே இருக்கிறது, அது 2242. நீளமானது உள்ளே உட்காராது. அந்த ஸ்லாட் சாட்டாவா என்விஎம்இயா என்பதும் அதே பக்கத்தில் ஒரு வரியாக இருக்கும், பழைய மாடல்களில் சில ஸ்லாட்கள் ஒன்றை மட்டும்தான் ஏற்கும். ஸ்க்ரூ பெரும்பாலும் பெட்டியில் வராது, தனியாகக் கேட்டு வாங்க வேண்டும்.